பாதி மடித்த துணி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வீடு மாறிய கதையைப் படித்துச் சிரித்தேன். வாசலில் சிக்கிக்கொண்ட அந்த அலமாரியை ஒருவழியாக உள்ளே கொண்டுபோனீர்களா, இல்லை இன்னும் திண்டாட்டம்தானா? பதில் எழுத மறக்கவில்லை. நான்கு நாளாக இதைத்தான் துண்டு துண்டாக எழுதுகிறேன். பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்வேன், அடித்ததும் பேனாவை மூடிவிடுவேன். என்ன சொல்ல வந்தேன் என்பது மறுநாள் மறந்துபோவதும் உண்டு, அதனால் முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்.

"தினம் கொஞ்சம் நட, தெம்பு வரும்" என்று எழுதியிருந்தாய். எனக்கு முதலில் வைத்தியம் பார்த்தவரும் இதையேதான் சொன்னார். நானும் தினமும் கூட்டிக் கூட்டி நடந்து, கடைசியில் படுக்கையில் விழுந்தேன். இந்த நாள்பட்ட சோர்வு நோயில், செய்த வேலைக்கான வலியும் அசதியும் பெரும்பாலும் அப்போதே தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்து வந்து நிற்கும். வந்தால் நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. பிரிட்டனில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வகுத்துச் சொல்லும் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக்கூடாது என்றே சொல்லிவிட்டது. உள்ள சக்திக்குள் நாளை ஓட்டுவதுதான் வழி.

மோசமான நாளை எப்படியோ சமாளித்துவிடலாம், படுத்தே கிடந்தால் போயிற்று. எனக்குப் பயம் நல்ல நாளைக் கண்டால்தான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய நான் திரும்பி வந்த மாதிரி எழுந்தேன். துணி மடித்தேன். அப்படியே அலமாரியை ஒழுங்குபடுத்தினேன், புத்தகங்களைத் தூசி தட்டினேன். வியாழக்கிழமை பல் துலக்கக் கை தூக்க முடியவில்லை. பக்கத்து அறையில் யாரோ டம்ளரை வைத்த சத்தம் மண்டைக்குள் இடித்தது.

இப்போது பாதித் துணியை மடித்ததும் எழுந்துவிடுகிறேன். மீதிக் குவியல் நாற்காலியில் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். இன்னும் நான்கு சட்டைதானே என்று கை துறுதுறுக்கும்! களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை, நீயும் என்னைப் போல எடுத்த வேலையை முடிக்காமல் விடாதவள். மற்றதெல்லாம் பழகிவிட்டது. குளிக்க ஸ்டூல் போட்டிருக்கிறேன். மதியம் அரை மணி நேரம் இருட்டறையில் படுக்கிறேன். போனைத் தொடுவதில்லை, அதைப் பார்த்துக்கொண்டு படுத்தால் ஓய்வே இல்லை.

பேசுவதும் சிரிப்பதும்கூடச் செலவுதான். அன்று ஒன்றரை மணி நேரம் போனில் பேசினோமே, அதற்கு இரண்டு நாள் போனது. அதற்காகக் கூப்பிடாமல் இருந்துவிடாதே, கால் மணி நேரம் பேசுவோம்.

நேரில் வருவதாக இருந்தால் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. தினம் ஒரு மணி நேரம்தான் பேசுவேன். மிச்ச நேரம் நீ எதையாவது படித்துக்கொண்டிரு, நான் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். வேண்டுமானால் அந்த நான்கு சட்டையை மடித்து வை.

அன்புடன்,
உன் தோழி