பழைய போன் வயரைப் பிடுங்கும் முன்: ராமநாதபுரம் கடலோர வயர்மேன்களுக்கும் ஃபைபர் லைன் தம்பிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், ராமேசுவரம் தீவையும் சேர்த்து, வீடு வீடாக ஃபைபர் லைன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதே ஊர்களில் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு லேண்ட்லைன் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். நாங்கள் அடித்த வயர் பல வீடுகளில் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டி எறிவதற்கு முன், சுவரில் போன் வயர் வந்து முடியும் ரோசெட் பெட்டியைக் கழற்றி ஒரு நிமிடம் உள்ளே பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கீழக்கரையின் பழைய வீடுகள் உங்களுக்குத் தெரியும். முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்று நீளமாகப் போகும். சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒரு முழத்துக்குக் குறையாத தடிமன். ஃபைபர் வாசலோடு நிற்கிறது, மோடமும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டாவது சுவரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். பின்கட்டில் இருக்கும் உம்மா துபாயில் இருக்கும் மகனோடு பேசும்போது முகம் அப்படியே நின்றுபோகிறது. உடனே பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறோம், அல்லது ஒரு ரிப்பீட்டரை விற்கிறோம். சிக்னல் நலிந்த இடத்தில் மாட்டிய ரிப்பீட்டர் அந்த நலிந்த சிக்னலைத்தான் திருப்பிக் கொடுக்கும். தடை சுவரில் இருக்கிறது, பிளானில் இல்லை.

அந்தப் பின்கட்டு வரைக்கும் ஒரு வயர் ஏற்கெனவே போயிருக்கிறது. வளைகுடாவிலிருந்து ராத்திரி வரும் போனை வீட்டுப் பெண்கள் உள்ளேயே எடுத்துப் பேசட்டும் என்று, கேட்ட வீட்டுக்கெல்லாம் உள்ளே ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்துக் கொடுத்தோம். சுவரைத் துளைக்கும் வேலை அப்போதே முடிந்துவிட்டது. அதே வயர் வழியாக இன்டர்நெட்டைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு வைஃபை பெட்டியை வைத்துவிடலாம்.

டெலிபோன் வயரில் இன்டர்நெட்டா என்று சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர்களை வயரால் இணைக்கும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1990இல் வந்த 10 மெகாபிட் ஈதர்நெட் தரமே கட்டடங்களுக்குள் ஓடிய டெலிபோன் வகைக் கேபிளை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். உள்ளே கம்பிகள் இரண்டிரண்டாக எத்தனை ஜோடி இருக்கிறது, எப்படி முறுக்கியிருக்கிறது என்பதே கேள்வி.

உறையில் கேட் 5 அல்லது கேட் 5இ (நெட்வொர்க் கேபிளின் தர வகை) என்று அச்சிட்டு உள்ளே நான்கு ஜோடி இருந்தால் அது அதிர்ஷ்டம். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் கட்டிய வீடுகள் சிலவற்றில் போனுக்கே இந்தக் கேபிளைப் போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். நீல ஜோடியில் மட்டும் போன் ஓடும், மற்ற மூன்றும் சும்மா சுருண்டு கிடக்கும். 1999இல் வந்த ஜிகாபிட் தரம் இந்த நான்கு ஜோடியில் 100 மீட்டர் வரைக்கும் ஓடும். இரண்டு முனையிலும் ஆர்ஜே 45 என்ற எட்டுப் பின் நெட்வொர்க் பிளக்கை இந்த நிற வரிசையில் மாட்டினால் போதும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

இரண்டு ஜோடி மட்டும் இருந்தால் 100 மெகாபிட்டுக்கு முயலலாம். அதற்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். ஒரு ஜோடி 1, 2இல். இன்னொரு ஜோடி 3, 6இல். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஒரு ஜோடியின் கம்பியையும் அடுத்த ஜோடியின் கம்பியையும் கலந்து ஒரே ஜோடியாக மாட்டிவிட்டால், விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர் எல்லாம் சரி என்றே காட்டும். அது தொடர்ச்சியை மட்டும்தான் பார்க்கும். லைன் மட்டும் திக்கித் திக்கி ஓடும். பழைய இரண்டு ஜோடி வயர் ஈதர்நெட்டுக்கென்று செய்ததல்ல. ஒரு வீட்டில் ஓடும், ஒரு வீட்டில் ஓடாது. பெரிய ஃபைல் ஒன்றை இழுத்துப் பார்த்த பிறகே வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்லுங்கள்.

ஒரே ஜோடி என்றால் அதில் சாதாரண ஈதர்நெட் ஓடாது. போன் வயரிலேயே நெட்வொர்க்கை ஓட்டும் ஜி.எச்.என் அடாப்டரை இரண்டு முனையிலும் வைத்தால் ஓடும். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வயர் குழாய்க்குள் தளர்வாகப் போனால் அதன் வாலில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்துவிடலாம். கிளிப் அடித்த வயராக இருந்தால், போன துளையாவது மிச்சம்.

போன் வயர் அறைக்கு அறை தொடுத்துக்கொண்டே போகும், எல்லாப் பெட்டியும் ஒரே லைனில் இருக்கும். ஈதர்நெட் அப்படிப் போகாது, ஒரு முனையிலிருந்து ஒரு முனைக்குத்தான். நடுவில் வரும் பெட்டியில் இரண்டு வால்களையும் ஜோடி மாறாமல் நேராக இணையுங்கள், அல்லது அங்கே ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்சை வையுங்கள். ராமேசுவரத்து லாட்ஜ்களில் இந்தத் தொல்லை குறைவு. இன்டர்காமுக்காக அறைக்கு ஒரு வயர் நேரே ரிசப்ஷனுக்கு வந்திருக்கும். இரண்டு ஜோடி கிடைத்தால் அறைக்கு அறை இணைப்புக் கொடுத்துவிடலாம். அந்த வயர்க் கட்டை மொத்தமாக அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை.

நம் கரையில் செம்புக்கு எமன் உப்புக்காற்று. ரோசெட்டைத் திறந்ததும் பச்சைக் களிம்பு தெரியும். பயப்படாமல் முனையை வெட்டி வெட்டிப் பாருங்கள். நாலு விரல் உள்ளே பளிச்சென்று செம்பு தெரிந்தால் வயர் உயிரோடு இருக்கிறது. கறுப்பு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். புதுக் கேபிள் வாங்கும்போது அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கடற்கரையில் அதன் வெட்டுமுனை சீக்கிரம் அரித்துப்போகும், செம்பைவிட மின்தடையும் அதிகம்.

இரண்டு விஷயத்தில் சமரசம் வேண்டாம். வெளியிலிருந்து வரும் டெலிபோன் லைனை வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். அந்த லைனில் 48 வோல்ட் டிசி நிற்கும், மணி அடித்தால் 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும். கம்ப்யூட்டர் போர்ட் கருகிவிடும். அடுத்தது இடி. ஐப்பசி, கார்த்திகையில் வானம் எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாப்பா வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு மாடி வழியாகச் செம்புக் கேபிள் இழுக்கச் சொல்வார்கள். இழுக்காதீர்கள். வீட்டுக்கு வீடு ஃபைபர்தான் போக வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் பழைய போனையே கேட்டால் அதற்கும் வழி உண்டு. வெளி லைனைக் கழற்றியபின், ஃபைபர் மோடத்தில் இருக்கும் போன் போர்ட்டிலிருந்து அதே வீட்டு வயருக்கு இணைப்புக் கொடுங்கள், பின்கட்டு போனும் அடிக்கும். நான்கு ஜோடி கேபிளானால் நீலத்தில் போனையும் ஆரஞ்சு, பச்சையில் 100 மெகாபிட்டையும் சேர்த்தே ஓட்டலாம்.

வேலை முடிந்ததும் எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள். பழைய வயரில் எது எங்கே போகிறது என்று புரியாமல் நின்றால், உங்கள் ஊரில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது இருப்பார், கூப்பிடுங்கள். கீழக்கரைப் பக்கம் என்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற டெலிபோன் லைன் ஊழியர்,
கீழக்கரை