நடுகற்களைக் காதால் கேட்க வழி செய்யுங்கள்: அருங்காட்சியகங்கள் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வேலூர் கோட்டைக்கு வரும் குடும்பங்கள் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே அரசு அருங்காட்சியகத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கின்றன. இதே கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்த கண்டி அரசர் விக்ரம ராஜசிங்கனின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் நின்று கேட்கிறார்கள். இறந்த வீரனின் நினைவாக நட்ட நடுகல் பக்கம் வந்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய கல்லில் இருப்பது வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து; இன்று நமக்கு வாசிக்க வராது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் கோடுகளே கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் எப்பேர்ப்பட்ட கதைகள் அவை! பழைய வட ஆற்காட்டின் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லே சொல்கிறது. செங்கம் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. கல்வெட்டு ஆய்வாளர் வாசித்துச் சொல்வது ஒன்று, பொங்கல் வைக்கிறவர்கள் வழிவழியாகச் சொல்வது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

இதற்குப் பெரிய தொடுதிரை வேண்டாம். ரிப்பேர் ஆகித் துணி போர்த்திய திரைகளைப் பல இடங்களில் பார்த்தாயிற்று. தனி ஆப்பும் வேண்டாம். ஊருக்குப் போய், பெரியவர்களை அவர்கள் பேச்சிலேயே பேசவிட்டு, கல்லுக்கு ஐந்து நிமிடம் என்று பதிவு செய்யுங்கள். கல்லின் அருகே ஒரு கியூஆர் கோடு ஒட்டுங்கள். அதே பதிவை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் முறம், வெட்டி அடுக்கிய இலை, தூள், நூல். கை ஒரு நொடி நிற்காது, கண்ணும் இலையை விட்டு நகராது. காது மட்டும் சும்மா இருக்கிறது. பக்கத்தில் செல்போனில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். கூலியை விட்டுவிட்டு அவர்கள் கோட்டைக்கு வர முடியாது. கோவிவன் கதை அவர்கள் திண்ணைக்குப் போகலாமே. ஒருவர் கேட்டால் நாலு பேர் பேசுவார்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளையும் உட்கார்ந்து கேட்கும்.

முதலில் ஒரே ஒரு கல்லோடு தொடங்குங்கள். பேசுகிறவரின் பெயரையும் ஊரையும் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ஆய்வாளருக்கு மதிப்பூதியம் உண்டென்றால் பேசுகிற ஊர்ப் பெரியவருக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
வேலூர்வாசி ஒருவர்