நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். செவ்வாய் ராத்திரி வந்தது சின்ன நிலநடுக்கம்தான். கட்டில் ஒரு தரம் ஆடியது. நான் மேசைக்கடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன்; இங்கே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். எல்லாம் நின்ற பிறகும் டம்ளரில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை. அதுவே போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

வானம் தெளிந்த நாளில் வேலைக்குப் போகும் வழியில் மேற்கே பனிமலைகள் தெரியும். வந்த புதிதில் தினமும் அவற்றைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வேன். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாக இருக்கிறதாம்; அதில் பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் ஒன்றையொன்று நெருக்கித்தான் அந்த மலைகள் எழும்பினவாம். அதே நெருக்கல்தான் என் கட்டிலையும் ஆட்டியது. மலைக்கு மட்டும் அவரைத் துதித்துவிட்டு, அதிர்வு வந்தால் வேறு யாரோ செய்தது போல இருக்க முடியுமா? முடியவில்லை அம்மா.

இந்த ஊர் நிலநடுக்கங்களை தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று அத்தை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மனதை வலித்தது. வீட்டுக்காரப் பாட்டியம்மா சொன்னதைக் கேளுங்கள். 2010 செப்டம்பர் 4 விடியற்காலையில் 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தபோது உயிர்ச்சேதம் இல்லை. தேவன் காத்தார் என்று இவர்கள் நன்றி சொன்னார்கள். 2011 பிப்ரவரி 22 மதியம் 12.51-க்கு வந்தது அதைவிடச் சிறியது. ஆனால் நகரத்துக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத இடத்தில் வந்தது. 185 பேர் இறந்தார்கள். பேராலயத்தின் கோபுரமே சரிந்தது. அன்று காத்தவர் இன்று எங்கே போனார் என்று பாட்டியம்மா அழுது கேட்டிருக்கிறார். பதில் கிடைத்ததாக அவர் சொல்லவில்லை. கேட்பதையும் நிறுத்தவில்லை, ஆலயத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

இறந்தவர்களின் நினைவாக 185 வெள்ளை நாற்காலிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. கைக்குழந்தையை உட்காரவைக்கும் கார் இருக்கையும் அதில் உண்டு. அதன் முன்னால் நின்றுகொண்டு நியாயத்தீர்ப்பு என்று யாரால் சொல்ல முடியும்? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று ஆண்டவரே சொன்னார். மனந்திரும்பச் சொன்னது கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான். அத்தையிடம் லூக்கா 13-ஐ நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

அப்புறம் ஒன்று. பாட்டியம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி இருக்கிறது. 2011 நிலநடுக்கத்தன்று நிலத்தடி நீரும் மணலும் கலந்து தெருவெல்லாம் சாம்பல் நிறச் சேறாகப் பொங்கியதாம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து வாரிக் கொட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை விட்டுப்போன மண்வெட்டி அது. பிடி செருகும் இடத்தில் அந்தச் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எலியாவுக்கு பூமி அதிர்ச்சியிலே கர்த்தர் இருக்கவில்லை, அதற்குப் பின் ஒரு மெல்லிய சத்தம் வந்தது என்று வாசிப்போமே, அந்த இடம் வரும்போதெல்லாம் இப்போது எனக்கு மண்வெட்டி மண்ணில் உரசும் சத்தம்தான் கேட்கிறது.

செவ்வாய் ராத்திரி நான் மேசைக்கடியிலிருந்து எழுந்ததும் முதலில் போய்த் தட்டியது பாட்டியம்மாவின் கதவைத்தான். விழித்துத்தான் இருந்தார். சங்கீதம் 46-ஐ இரண்டு பேரும் வாசித்தோம். அடுத்த வாரம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. குடும்ப ஜெபத்தில் அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகன்