கேமராவைக் கொடுத்தனுப்பப் போவதில்லை

வின்னிபெக், கனடா
ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போகிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. கவரின் நாலு ஓரத்திலும் நீங்கள் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்து உள்ளே போவதற்குள் டீ ஆறிவிட்டது. கல்யாண ஆல்பம் பார்சல் கட்டின கை, விடுமா? நாலு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை நீங்கள் சொல்லிக்காட்டவும் இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் அம்மாதான் நமக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர். நான் "நல்லா இருக்கேன்" என்றால் அவள் உங்களிடம் "இளைச்சுட்டானாம்" என்கிறாள். அதனால் இதை எழுத்திலேயே வைத்துக்கொள்வோம்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். "நிக்கான் எஃப்எம்2 கேமரா அங்கே சும்மாதானே கிடக்கும், பிப்ரவரியில் சின்ன மாப்பிள்ளை வரும்போது மூன்று லென்ஸோடும் கொடுத்தனுப்பு, சௌகார்பேட்டையில் ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தனுப்பப் போவதில்லை. காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நீங்கள் நினைத்தது சரிதான், அது சும்மா கிடந்தது. இரண்டு வருஷம், பெட்டியில், என் பழைய லுங்கியில் சுற்றி. வந்த புதிதில் இங்கே ஒரு மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். உங்களிடம் சொல்லவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், படம் குறை சொல்ல முடியாது. இருட்டில் பூனையின் கண்ணைத் தானே தேடிப்பிடித்து ஃபோகஸ் வைக்கும். ஆனால் அதன் லென்ஸ் வளையம் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நம் 50 மி.மீ. லென்ஸை முடிவிலிக்குத் திருகினால் டக்கென்று போய் முட்டி நிற்குமே, அது இதில் கிடையாது. வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மோட்டார் உட்கார்ந்துகொண்டு, நான் சொன்னதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லும். அம்மா மாதிரி.

சரி, பெரிசாக இருப்பதுதான் பிரச்சினை என்று நினைத்து அடுத்து ஒரு சின்னது. கோட்டுப் பையில் அடங்கும். பொத்தான்கள் மாதுளை முத்து அளவு. இந்த ஊரில் கையுறையோடு அதில் ஒன்றை அழுத்தினால் மூன்று அமுங்கும். கையுறையைக் கழற்றினால் இரண்டே நிமிஷத்தில் விரல் யாருடையதோ ஆகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. அநேகமாக எல்லாரும் லென்ஸைப் பிரதட்சணமாகச் சுற்றிப் பூட்டினால் நிக்கான்காரன் மட்டும் அப்பிரதட்சணம். பத்து வயதிலிருந்து உங்கள் லென்ஸை மாற்றிக்கொடுத்த கை இது. இரண்டு வருஷமும் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கமே திருகியது.

குளிரைப் பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை மைனஸ் 29. மூச்சு விட்டால் புருவத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ராத்திரி காருக்கெல்லாம் கரண்ட் வயர் செருகி வைக்கிறார்கள், நாம் போனுக்குப் போடுகிற மாதிரி. சார்ஜ் ஏற அல்ல, எஞ்சின் உறையாமல் இருக்க. ஊருக்கு நடுவில் இரண்டு ஆறு வந்து கலக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஜனவரியில் அந்த ஆற்றின் மேலேயே பாதை போட்டுவிடுவார்கள், ஜனங்கள் சறுக்கிக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள். கூவம் மேல் நடந்து எழும்பூர் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், நாற்றம் மட்டும் இல்லை.

போன வருஷம் அந்த ஆற்றங்கரையில்தான் மிரர்லெஸ்ஸோடு நின்றேன். பேட்டரி முக்கால்வாசி காட்டியது. பதினைந்து நிமிஷத்தில் திரை இருண்டது. கண் வைத்துப் பார்க்கிற துவாரமும் ஒரு குட்டித் திரைதானே, அதுவும் போயிற்று. கையில் ஒரு கறுப்புச் செங்கல். எதிரே ஒரு தாத்தா பேரனைச் சின்னச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போகிறார், சூரியன் அவர்களுக்குப் பின்னால். நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி லுங்கியைப் பிரித்தேன்.

லீவரை இழுத்ததும் அந்தச் சத்தம். கட்டைவிரல் பின்னால் போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்டு திருகினாலும் அபர்ச்சர் எங்கே இருக்கிறதென்று சொடக்கை எண்ணியே சொல்லிவிடலாம். மறுநாள் அதே இடம், மைனஸ் 24. உள்ளே வெளிச்ச மீட்டரின் அந்த மூன்று சிவப்பு விளக்கு, கூட்டல், வட்டம், கழித்தல், மங்கி மங்கி அணைந்தே போயிற்று. பொத்தான் பேட்டரிக்கும் குளிரும்தானே. ஆனால் ஷட்டர்? அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. 4000-ல் ஒரு பங்கு வினாடி வரைக்கும் வெறும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். 1982-ல் வந்த டிசைன். லென்ஸ் மாட்டுகிற அந்த வாய் 1959-லிருந்து வருகிறது. வெயிலைப் பார்த்து நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கில் அடித்தேன். அந்தத் தாத்தா வரவில்லை, வேறு யாரோ வந்தார்கள். பரவாயில்லை.

முதல் ரோலில் மீட்டரை நம்பி எடுத்ததில் பனியெல்லாம் துவைக்காத வேட்டி நிறத்தில் விழுந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: "வெள்ளை வேட்டிக் கூட்டமா, மீட்டர் பொய் சொல்லும், ஒன்றரை ஸ்டாப் கூடத் திற." பனியும் அதே கணக்குதான். கங்காதீஸ்வரர் கோயில் திருவிழாவில் கற்றதை நான் வின்னிபெக்கில் உபயோகிக்கிறேன். ஆனால் உங்களுக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. இந்தக் குளிரில் ஃபிலிம் அப்பளம் மாதிரி ஆகிவிடும், வேகமாகச் சுற்றினால் ஒடிந்துவிடும். காற்று அத்தனை காய்ந்திருப்பதால் சுற்றும்போதே உள்ளே மின்பொறி பறந்து, நெகட்டிவில் மரக்கிளை மாதிரி கோடு விழுகிறது. அவசரமில்லாமல் சுற்ற வேண்டும். நான் அவசரப்படாமல் ஒரு வேலை செய்கிறேன் என்றால் அம்மா நம்பமாட்டாள்.

டெவலப் நானே பண்ணுகிறேன், பாத்ரூமில். டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டுமென்று நீங்கள் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி அண்டாவில் போடுவீர்களே, டெவலப்பர் புட்டியில் ஒரு தடவை வஞ்சிர வாடை அடித்ததே. இங்கே குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசும். கெட்டிலில் காய்ச்சிக் கலந்து 20-க்கு ஏற்றுகிறேன். நீங்கள் இறக்கினீர்கள், நான் ஏற்றுகிறேன், டிகிரி ஒன்றுதான். லென்ஸில் பூஞ்சை என்ற பேச்சே இங்கே இல்லை. மூக்கில் ரத்தம் வருகிற அளவுக்குக் காய்ந்த ஊர். ஈரம் உறிஞ்சுகிற நீல சிலிகா மணி ரோஸ் நிறமானதும் நீங்கள் அதை அம்மாவின் வடைச்சட்டியில் வறுத்து, அவள் அந்தச் சட்டியையே தூக்கிப்போட்டாளே, அந்தச் சண்டை இங்கே நடக்க வழியே இல்லை. வெளியிலிருந்து உள்ளே வரும்போது மட்டும் கேமராவைப் பையில் போட்டு இறுக்கி மூடி ஒரு மணி நேரம் தொடக்கூடாது. ஏசி மண்டபத்திலிருந்து மே மாத வெயிலுக்கு வந்தால் லென்ஸ் வேர்க்குமே, அதேதான், வாசல் மட்டும் மாறியிருக்கிறது.

மாதத்துக்கு ஒரு ரோல் என்று வைத்திருக்கிறேன். 36 படம். உங்களை மாதிரி இருட்டில் லோட் பண்ணி 38 எடுத்துவிடுகிறேன். செலவுக்குப் பயந்து இல்லை, அதற்குமேல் எடுக்கத் தோன்றவில்லை. மற்ற இரண்டு கேமராவையும் தீபாவளிக்கு முன்னாலேயே விற்றுவிட்டேன். பணமுடை எதுவும் கிடையாது, உபயோகிக்காததை வைத்துக்கொண்டு என்ன செய்வது. வீடும் மாற்றிவிட்டேன். இப்போது தரைக்குக் கீழே ஒரு அறை, மண்ணுக்குள் இருப்பதால் கதகதப்பு. ஆபீஸில் இப்போது வேலை கொஞ்சம் மந்தம், அதனால் ராத்திரியில் ஒரு பேக்கரிக்குப் போய் வருகிறேன். சூடான இடம், பன் வாசனை, பொழுதும் போகிறது.

மேலே குடியிருப்பவளைப் பற்றி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். உக்ரைன் கிழவி. எல்லாரும் "பாபா" என்று கூப்பிடுகிறார்கள், அவர்கள் மொழியில் பாட்டியாம். நான் முதலில் விபூதி கொடுப்பாளோ என்று பார்த்தேன். 2022-ல் சண்டை வந்தபோது மகளோடு கீவ் நகரத்திலிருந்து வந்தவள். நான் மிளகாய் தாளித்தால் மேலிருந்து தடியால் தரையைத் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் இருமல் வருகிறது, நிறுத்து. மூன்று தட்டு என்றால் சாப்பிட வா. பீரோகி என்று ஒன்று செய்கிறாள். அம்மா, அது நம் கொழுக்கட்டையேதான், உள்ளே பூரணத்துக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெயில் வதக்கின வெங்காயம். நான் இட்லிப்பொடி தூவிக்கொள்கிறேன். அவளுக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் டப்பாவோடு வந்து இன்னும் கேட்டாள். வாரத்தில் நாலு நாள் அங்கேதான் சாப்பாடு. ருசிக்காகத்தான்.

அவளிடம் நான் 105 மி.மீ. லென்ஸைக் காட்டி உங்கள் வசனத்தை எடுத்துவிட்டேன். 1984-ல் ஸ்டீவ் மெக்கரி அந்தப் பச்சைக்கண் ஆப்கன் பெண்ணை எடுத்த அதே ரக லென்ஸ் என்று சொல்லித்தானே கல்யாண வீட்டில் ரேட்டை ஏற்றுவீர்கள்? அவள் மசியவில்லை. உள்ளே போய் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். அவள் புருஷனுடையது, கீவ்-19. அங்கே ஆர்சனல் தொழிற்சாலையில் செய்ததாம். வாயைப் பார்த்தால், அப்பா, நம் நிக்கான் வாயேதான்! உங்கள் 50-ஐ எடுத்து வைத்து இடப்பக்கம் திருகினேன். டக். உட்கார்ந்துகொண்டது. கிழவி அதை வாங்கி, ஃபிலிம் இல்லாமலேயே ஜன்னலைப் பார்த்து நாலைந்து தடவை அழுத்தினாள். நான் லென்ஸைக் கேட்கவில்லை. அவளாகக் கழற்றிக் கொடுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு பேக்கரியிலிருந்து ஒரு ரொட்டிக் கத்தியும் கேமராவும் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். கூரையில் இருக்கிற புகை மணி அலற, பாபா தண்ணீர் வாளியோடு இறங்கி வந்துவிட்டாள். அது இருக்கட்டும். அவள் போனபிறகு பொட்டு வைக்கலாமென்று கேமராவைத் திருப்பினால், நெற்றியில் இருக்கிற எழுத்துக்குள் ஏற்கெனவே சந்தனம். இறுகிப்போய், மஞ்சளாக, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும். நீங்கள் வைத்தது. எத்தனை வருஷத்துச் சந்தனமோ. பல்குச்சியால் சுரண்ட ஆரம்பித்தேன், முதல் எழுத்தில் பாதிதான், அதற்குமேல் கை போகவில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஹைப்போ, ஊதுபத்தி, கடை ஷட்டர் துரு, மதியம் நீங்கள் படுத்துத் தூங்குகிற பெஞ்சின் ரெக்ஸின். எல்லாம் இருந்தது அப்பா. இங்கே என்னை யாரும் "ஸ்டுடியோ பையா" என்று கூப்பிடுவதில்லை. காணும் பொங்கலன்று மெரினாவில் நீங்கள் குடும்பம் குடும்பமாக நிறுத்திவைத்து எடுப்பதும், நான் சீட்டு எழுதிக் கொடுப்பதும் ஞாபகம் வந்து, போன வெள்ளிக்கிழமை பேக்கரிக்கு அரை மணி லேட்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சௌகார்பேட்டைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்டாரா, நீங்கள் போய்க் கேட்டீர்களா என்பது எனக்குத் தெரியும். அக்கா எல்லாம் சொன்னாள். நம் ஸ்டுடியோ கடையின் சொந்தக்காரர் அட்வான்ஸ் ஏற்றிக் கேட்கிறார், மார்ச்சுக்குள் கொடுக்காவிட்டால் காலி பண்ணச் சொல்கிறார், அதுதானே? கேமரா விற்ற பணத்தில் 60 ஆயிரம் அனுப்புகிறேன். இந்த மாதம் பத்தாம் தேதிக்குப் பதில் 25-க்கு மேல் வரும், இங்கே ஒரு சின்னக் கணக்கு முடிய வேண்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை. புரசைவாக்கம் ஹைரோட்டில் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தால் அவர் இன்னும் ஏற்றுவார், அதனால் இப்போதே மூன்று வருஷத்துக்கு எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். சின்ன மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் தனியாகப் போனால் அவர் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள்.

அம்மா, முறுக்கு மாமியின் சீட்டை இந்தத் தடவை தள்ளி எடுக்காதே. அக்கா வளைகாப்புக்கு அது வேண்டும். வளையலை மறுபடி அடகு வைக்கிற பேச்சே கூடாது. இந்த கேமரா வாங்கிய 1991-ல் வைத்ததே போதும்.

அப்பா, கண் ஆபரேஷனைச் சித்திரைக்குத் தள்ளிப்போடாதீர்கள். வலது கண்ணை முதலில் செய்யச் சொல்லுங்கள், வ்யூஃபைண்டரில் வைக்கிற கண் அது. பரணில் இருக்கிற நெகட்டிவ் பெட்டிகளை ஆல்பம் பையனை விட்டு இறக்கி, 2015-ல் நனைந்தவற்றைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். என்லார்ஜரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பையன்

பி.கு: கேமராவின் பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்சு பிசுபிசுத்து உதிர்கிறது, படத்தில் வலது ஓரம் வெளிச்சம் ஒழுகுகிறது. போன தடவை நீங்கள் கறுப்புக் கம்பளி நூல் வைத்து அடைத்தீர்களே, அது ஒரு கண்டு வாங்கி, மாப்பிள்ளை மார்ச்சில் திரும்பும்போது கொடுத்தனுப்புங்கள். கூடவே இட்லிப்பொடி, இரண்டு பேருக்கு.