இலக்கிய நேர்காணல் சேனல்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எந்த நேர்காணலைப் பற்றி எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆலைப் பெண்களைப் பற்றி நாவல் எழுதிய பெண் எழுத்தாளரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தீர்கள். அதில் நாற்பது விநாடியை வெட்டி யூடியூப் ஷார்ட்ஸாக, அதாவது குறு வீடியோவாக, போட்டீர்கள். அந்தத் துண்டை நீக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டேட்டிங் பற்றி நீங்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இரண்டே வாக்கியம். கல்யாணத்துக்கு முன் நாலு பேரோடு பழகிப் பார்ப்பதில் தப்பில்லை என்பது முதலாவது. பெண் வேண்டாம் என்றால் அதோடு விலகத் தெரியாத ஆணோடு பழகுவதும் பழைய பெண் பார்க்கும் படலமும் ஒன்றுதான் என்பது இரண்டாவது. முதல் வாக்கியம் முடிந்த இடத்திலேயே வெட்டிவிட்டீர்கள். ‘நாலு பேரோடு’ என்பதை மட்டும் மஞ்சள் எழுத்தில் போட்டு, அவர் முகத்துக்குச் சிவப்பு அம்புக்குறி காட்டி தம்ப்நெயிலும் (முகப்புப் படம்) வைத்தீர்கள்.

அவர் வாடகை வீட்டில் தனியாக இருப்பவர். துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றி வீட்டு உரிமையாளர் குடும்பத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தார்கள். மறு வாரம் காலி செய்யச் சொன்னார்கள். முன்பணத்தில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீக்கினால் சேனலுக்கு எந்த நட்டமும் வராது. ஷார்ட்ஸ் தனி வீடியோ. அதை அழித்தால் முழு நேர்காணலுக்கு ஒன்றும் ஆகாது. முழு நேர்காணலின் தலைப்பையும் தம்ப்நெயிலையும் யூடியூப் ஸ்டூடியோவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வேண்டாத பகுதியை அங்குள்ள எடிட்டரிலேயே வெட்டலாம்; இணைப்பும் பார்வைக் கணக்கும் அப்படியே இருக்கும். ஒரு லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டால் மட்டும், யூடியூபின் பார்ட்னர் திட்டத்தில் (வருமானத்தில் பங்கு தரும் திட்டம்) இல்லாத சேனல்களுக்கு அந்த வசதி மறுக்கப்படலாம். பின்னூட்டங்களைப் பரிசீலனைக்குப் பிறகே வெளியாகும்படி வைப்பதும் ஒரு நிமிட வேலை. இறக்கிப் பகிர்ந்த பிரதிகளை யாராலும் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நாள் தாமதமும் எங்களுக்குக் கோபமூட்டுகிறது.

அகப்பாட்டில், அதாவது காதலைப் பாடும் பாட்டில், யார் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் தலைவியின் குரலில் பேசுகிறார். அதைக் கபிலரின் சொந்தக் கதையாக யாரும் படிப்பதில்லை. சங்கப் பெண்புலவர் வெள்ளிவீதியார் பாடியதை மட்டும் அவர் வாழ்க்கையில் நடந்ததாகவே படிக்கும் வழக்கம் இன்றும் போகவில்லை. உங்கள் கேள்விகளிலும் இருப்பது அதே பாகுபாடுதான். காதல் கவிதை எழுதும் ஆண்களிடம் உவமையைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெண்களிடம் அந்த ஆள் யார் என்று கேட்கிறீர்கள். 1955 முதல் 2024 வரை தமிழுக்கு சாகித்திய அகாதெமி விருது பெற்ற பெண்கள் நால்வர்தான்: ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி (1984), திலகவதி (2005), அம்பை (2021). பெண் எழுதியதை விட்டுவிட்டு அவள் வாழ்க்கையைத் துருவும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று எங்களால் நினைக்க முடியவில்லை.

இனி வெட்டும்போது கேள்வியிலிருந்து பதிலின் கடைசிச் சொல் வரை சேர்த்து வெட்டுங்கள். வெளியிடுமுன் பேசியவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

இப்போதைக்கு, அந்தத் துண்டை இந்த வாரத்துக்குள் நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதன் இடத்தில் ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால், ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, கூலி எப்படிக் கணக்கிடுகிறார்கள், கழிவு என்று எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அவர் விளக்கும் பகுதியைப் போடுங்கள். நேர்காணலிலேயே சிறந்த பகுதி அதுதான்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டிங் தொழிலில் இருக்கும் வாசகர்கள் சிலர்