அரக்கர் படை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பில் சொந்தமாக ஒரு மேசைப்போர் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்கள் அரக்கர் இனத்துக்கான வரைபடங்களையும் முதலில் அச்சிட்டெடுத்த பொம்மைகளையும் பார்த்தேன். வேலை சுத்தம். ரெசின் என்ற பிசினை அடுக்கடுக்காக உறையவைக்கும் முப்பரிமாண அச்சின் அடுக்குக் கோடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லாமே புலித்தலை அரக்கர். நீண்ட அங்கி, கையில் புகைக்குழாய், புறங்கை இருக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கை. இது எங்கிருந்து வந்ததென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை வெளிப்படையாகவே பேசுவோமே.

பாத்திரமேற்று ஆடும் அமெரிக்க மேசை விளையாட்டான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தது. 1977இல் வந்த அதன் 'மான்ஸ்டர் மனுவல்' என்ற அரக்கர், விலங்குகள் கையேட்டில் டேவிட் ட்ரம்பியர் வரைந்த ராட்சசன்தான் உங்கள் பொம்மைகளுக்குப் பாட்டன். அங்கி போட்டு, புகைக்குழாய் பிடித்து உட்கார்ந்திருக்கும் புலிமுகக் கனவான் அவன். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துப்போவான் என்பது அவனுக்கான விதி. கம்பனிடம் அந்த அம்பைத் தேடாதீர்கள். 1974 கடைசியில் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் திகில் தொடரில்தான் ராட்சசனை அப்படிக் கொல்கிறார்கள். அந்த விளையாட்டைச் செய்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. காதில் விழுந்ததை வைத்து ஒன்றைக் கட்டினார்கள், படமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நாம் ஏன் நெய்க்கு அலையவேண்டும்?

வெண்ணெய் என்று நான் சொல்வது வடமோடிக் கூத்தை, நம் மட்டக்களப்பில் ஆடிப்பாடி நடிக்கும் நாட்டுக்கூத்தை. பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை, வடிவமைப்புக் கணக்காகவே சொல்கிறேன்.

28 மில்லிமீற்றர் பொம்மையை மேசையின் அடுத்த பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு முகம் தெரியாது. வெளிக்கோடு மட்டும்தான் தெரியும். அதனால்தான் பொம்மை செதுக்குகிறவர்கள் தலையையும் கையையும் ஆயுதத்தையும் அளவுக்கு மீறிப் பெருப்பிக்கிறார்கள். இதே சிக்கல் கூத்துப் பழக்கும் நம் அண்ணாவிமாருக்கும் இருந்தது. கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம், விடியும்வரை ஆட்டம், வெளிச்சமோ அந்தக் காலத்தில் மட்டுமட்டு. கடைசி வரிசைக் கிழவிக்கும் வருவது அரசன்தான் என்று உடனே விளங்கவேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழிதான் கரப்புடுப்பு. இடுப்பு ஒடுங்கி, கீழே வளையங்களில் அகன்று நிற்கும் பாவாடை, அதன்மேல் தோளை அகட்டிக் காட்டும் அணிகள், உச்சியில் கிரீடம். முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஆள் அதே ஆள்தான். மத்தளம் வேகம் பிடித்து ஆடுபவர் சுழலும்போதும் அந்த வடிவம் கலையாது.

உங்கள் பொம்மை ஒன்றைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தேன். அங்கியின் மடிப்பு நாலைந்து, வேறு ஒன்றுமில்லை. படத்துக்கு முன்பக்கம் போதும். ஆனால் மேசையில் வைக்கும் பொம்மையை எதிராளிதான் முன்னால் பார்ப்பான். அதை நகர்த்தி விளையாடுகிறவன் முழுநேரமும் பார்த்துக்கொண்டிருப்பது முதுகை.

செய்முறையிலும் இதில் ஒரு வசதி உண்டு. ரெசின் பொம்மை பெரும்பாலும் முறிவது கணுக்காலில். கரப்புடுப்பு போட்ட அரக்கனுக்குக் கணுக்கால் பிரச்சினையே இல்லை, பாவாடையின் விளிம்பு அப்படியே அடித்தட்டோடு ஒட்டி நிற்கும். ஆனால் உள்ளே வெறுமையாக விட்டு அச்சிட்டால் அடியில் வடிதுளை வைக்க மறக்கவேண்டாம். உறையாத ரெசின் உள்ளே தேங்கி நின்றால் நாள்போக்கில் பொம்மை வெடிக்கும். வாங்கியவன் உங்களைத்தான் திட்டுவான்.

மறுகா, தலை. ஐப்பசியில் கந்தசட்டி முடிவில் சூரன்போர் பார்க்காத பிள்ளை உங்களில் யாரும் இருக்கமுடியாது. ஒரே உடல்தான், ஆனைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், அது போய்ச் சூரன் முகம் வரும். வெளிநாட்டுப் பெட்டிகளில் மாற்றுத்தலை என்று தனியாகப் போட்டு விற்பதை நம் கோயில் வீதியில் எத்தனையோ காலமாகச் செய்துவருகிறார்கள். ஓர் உடலுக்கு நாலு தலை செய்யுங்கள். சூரனின் தம்பிமாரில் தாரகனுக்கு ஆனை, சிங்கமுகனுக்குச் சிங்கம், தங்கை அசமுகிக்கு ஆடு. புலித்தலையை விட மனமில்லையென்றால் நாலாவதாக அது இருந்துவிட்டுப் போகட்டும். கழுத்துப் பொருத்தை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் வையுங்கள்.

கதைக்கு வருகிறேன். உங்கள் அரக்கர் எல்லோரும் பிறவியிலேயே கெட்டவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சலிப்பான முடிவு இது. கந்தபுராணத்தில் தேவர்களைச் சிறைவிடு என்று அண்ணனிடம் சொல்கிறவனே சிங்கமுகன்தான். அண்ணன் கேட்கவில்லை, அப்புறமும் அவனுக்காகவே போய்ப் போரிட்டுச் சாகிறான். கும்பகருணன் கதையும் அதுதான். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் வடமோடி ஆட்டத்தை வைத்து மேடையேற்றிய, நம் மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' நாடகத்தில் இராவணன் வெறும் வில்லனா? ஓர் இனத்துக்குள்ளேயே இத்தனை சண்டை கிடக்கும்போது, அதை விளையாட்டு விதியாக்கலாமே. உதாரணத்துக்கு, சிங்கமுகன் ஒவ்வொரு சுற்றிலும் தலைவனுக்கு ஒரு யோசனை சொல்கிறான். தலைவன் மறுத்தால் சிங்கமுகனின் தாக்குதல் கூடும், காப்புக் குறையும். உங்கள் நீண்ட வரலாற்றுக் குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை, இதை எல்லோரும் விளையாடுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அட்டையில், கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப்பாட்டு மாதிரி நாலு வரி இருந்தால் போதும்.

ஒரு வரியை மட்டும் உடனே எடுக்கச் சொல்கிறேன். "காட்டோரம் வாழ்பவர், தேன் எடுப்பவர், நாகரிகம் அறியாதவர்" என்று அரக்கர் குலம் ஒன்றை வருணித்திருக்கிறீர்கள். வாகரைப் பக்கம் போய் இதை உரக்க வாசிக்க முடியுமா? அங்கே வேடர் குடும்பங்கள் இருக்கின்றன, தமிழ்தான் பேசுகிறார்கள், அவர்களின் பிள்ளைகளும் இதை விளையாடக்கூடும். ஓர்க்கு, ட்ரோ என்ற கற்பனை இனங்களை எழுதிய விதம், நிசமான மனிதக் கூட்டங்களை இழிவாகப் பேசிய பேச்சை நினைவூட்டுகிறது என்று அந்த அமெரிக்க விளையாட்டை வெளியிடுகிறவர்களே 2020இல் ஒப்புக்கொண்டார்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அம்பாறை நகரிலும் விற்க நினைக்கும் பெட்டியில் எந்தச் சாதியின், எந்தச் சமயத்தின் உடையும் பேச்சும் அரக்கனுக்குப் போகக்கூடாது. நம் மாவட்டங்களில் இதை யாரும் விளையாட்டாக எடுக்கமாட்டார்கள்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிவப்பும் பொன்னும் போதும். தயவுசெய்து மட்டக்களப்பின் அடையாளமான பாடும் மீனை மட்டும் இதற்குள்ளும் இழுத்துவராதீர்கள், பாவம் அது களைத்துப்போய்விட்டது.

அடுத்த மாதிரி செய்யுமுன் கூத்தாடும் ஊர்களான சீலாமுனைக்கோ கன்னன்குடாவுக்கோ போய், அண்ணாவியாரிடம் கேட்டு, ஓர் உடுப்பை நேரில் அளந்து பாருங்கள். எந்த வளையம் எத்தனை அகலம், கிரீடத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் உடுப்புக் கட்டுகிறவருக்குத்தான் தெரியும். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். விளையாட்டு விற்பனைக்கு வந்தால், பொம்மை செதுக்கியவரின் பெயருக்குப் பக்கத்தில் உடுப்புக் கட்டியவரின் பெயரும் பெட்டியில் வரவேண்டும், அவருக்குரிய பங்கும் போய்ச் சேரவேண்டும். அப்படியென்றால் பெயின்ற் அடிக்கும் வேலையை நான் சும்மாவே செய்து தருகிறேன்.

அன்புடன்,
ஆரையம்பதியிலிருந்து ஒரு பொம்மைப் பைத்தியம்