மானியம் தெரியும், கைச்செலவு தெரியவில்லை: மின் பகிர்மானக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழக நிர்வாகத்துக்கும் பிரிவு அலுவலகப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் போட உதவும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் எவ்வளவு என்பது இன்று பலருக்கும் தெரியும். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. கையிலிருந்து எவ்வளவு போகும், எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கேட்டால்தான் விற்க வருபவரைத் தவிர யாரும் பதில் சொல்வதில்லை. அந்தப் பதிலை நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

3 கிலோவாட்டுக்கு அரசு மானியம் கணக்கிட்ட அடிப்படை விலை 1,45,000. சந்தையில் கொட்டேஷன் 2 லட்சம் வரை போகிறது. மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த செல் கொண்ட டிசிஆர் பேனல்தான் போட வேண்டும். அதன் விலை மற்றதைவிடக் கூடுதல். உயரமான ஸ்டாண்ட் கேட்டால் இரும்புக்குத் தனிச் செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருள்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பழைய வரியோடு கொட்டேஷன் நீட்டினால் வாங்குபவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டாமா? மானியமோ மீட்டர் மாட்டி அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் வீட்டுக்காரர் பொறுப்பு, அல்லது கடன்.

இதில் அடிக்கடி மறைக்கப்படும் ஒரு கணக்கு உண்டு. பேனலின் கொள்திறன், பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரின் கொள்திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 540 வாட் பேனல் ஐந்தும் 3 கிலோவாட் இன்வெர்ட்டரும் வைத்து "3 கிலோவாட்" என்று விற்றால், உண்மையில் இருப்பது 2.7. மானியம் 72,600தான். ஆறாவது பேனல் இருந்திருந்தால் 78,000 முழுதாகக் கிடைத்திருக்கும்.

யாருக்கு இது கட்டுப்படியாகும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு வீதம் 188 ரூபாய். அந்த வீட்டில் பேனல் போட்டால் மிச்சமாவதும் அந்த 188 ரூபாய்தான். மானியம் போக ஒரு லட்சம் செலவழித்தால் அந்தப் பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது. 700 யூனிட் எரிக்கும் வீட்டின் கதை வேறு. அதே கட்டணப்படி 500ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, 600ஐத் தாண்டினால் 9 ரூபாய் 65 காசு என்று ஏறி, பில் நாலாயிரத்தை ஒட்டி வரும். 3 கிலோவாட் அமைப்பு நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்தில் 700 யூனிட் அளவுக்குக் கொடுக்கும். 1,80,000 செலவில் மானியம் போக 1,02,000 என்று வைத்தால், நாலரை ஆண்டில் போட்ட பணம் திரும்பும். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 ஆணையில் வந்த நெட்வொர்க் கட்டணத்தை, அதாவது உங்கள் கம்பி வலையமைப்பைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தை, கழித்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்தக் கட்டணத்தைக் கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை. பில்லில் நீங்கள் தனி வரியாகக் காட்டினால் குழப்பம் தீரும்.

அடுத்தது பெயர். காலமான அப்பாவின் பெயரிலேயே இன்னும் எத்தனையோ இணைப்புகள் ஓடுகின்றன. விண்ணப்பத்திலும் வங்கிக் கணக்கிலும் வேறு பெயர் இருந்தால் மானியம் நின்றுவிடும். பேனல் ஏறிய பிறகு இது தெரியவருவது கொடுமை. சோலார் விசாரிக்க வருபவரிடம் "முதலில் பெயர் மாற்றம் செய்துகொண்டு வாருங்கள்" என்று பிரிவு அலுவலகம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வீடு எடுப்பதையும் பேனல் வெளியே அனுப்புவதையும் அளக்கும் நெட் மீட்டரை மாட்ட வரும் ஊழியர் மீட்டரோடு மற்ற சிலவற்றையும் பார்க்க வேண்டும். டிசி பக்கம், ஏசி பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி இருக்கிறதா? இரண்டு குழியோடு முடித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் இரு பக்கமும் ஒரே கம்பெனியுடையதா? வேறு வேறாக இருந்தால் உள்ளே பிடிமானம் சரியாக அமையாது. சூடேறி உருகும், மாடியில் தீப்பிடிப்பதற்கு அதுவே வழி. ஸ்டாண்டின் கால்களைத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்திருந்தால் அடுத்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகும். துளைக்காமல் கான்கிரீட் கட்டை வைத்தால் அதன் எடை அந்த ஊர்க் காற்றுக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கஜா புயல் கண்ட டெல்டாவில் இதை விளக்கத் தேவையில்லை.

மின்தடை நேரத்தில் சோலார் ஓடும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏராளம். பேட்டரி இல்லாவிட்டால் ஓடாது. லைனில் வேலை செய்யும் உங்கள் ஊழியரின் உயிரைக் காக்க, கிரிட், அதாவது உங்கள் லைன் மின்சாரம், போன உடனே இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும். பேட்டரி இல்லாத அமைப்பின் கொட்டேஷனில் இதைப் பெரிய எழுத்தில் போட வைக்க வேண்டும்.

கடைசியாக, வோல்டேஜ். டிரான்ஸ்பார்மருக்கு வெகு தூரத்தில், நீண்ட தாழ்வழுத்தக் கம்பியின் கோடியில் இருக்கும் வீடுகளில், உச்சிவெயிலில் பேனல் அனுப்பும் மின்சாரமே வோல்டேஜை ஏற்றிவிடும். பல இன்வெர்ட்டர்கள் 253 வோல்ட்டில் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. வெயில் நன்றாக அடிக்கும் வேளையில் உற்பத்தி சுழியமாகும். வீட்டுக்காரர் பேனல் பழுது என்று நினைப்பார். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் டேப்பை ஒரு படி இறக்குவது, மூன்று பேஸில் ஒன்றிலேயே குவிந்த சோலார் வீடுகளைப் பிரிப்பது, கம்பியைத் தடித்ததாக மாற்றுவது என மூன்று தீர்வுகளும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 5 கிலோவாட் வரை இதற்கான வலுப்படுத்தும் செலவு விநியோக நிறுவனத்துடையது. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை.

எனவே எங்கள் கோரிக்கை இரண்டு. மேலே சொன்ன கணக்குகளை ஒரு பக்கத் தாளில் அச்சிட்டு, விண்ணப்பம் வாங்கும் முன் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் கொடுங்கள். பகல் 11 முதல் 2 வரை வோல்டேஜ் ஏறுகிறது என்ற புகாருக்குத் தனிப் பதிவு வைத்து, டேப்பையும் பேஸையும் பார்த்த பிறகே அந்தப் புகாரை முடியுங்கள்.

இப்படிக்கு,
மொட்டைமாடி சோலார் அமைப்புகளை நிறுவிப் பராமரிக்கும் தொழில்நுட்பர்கள்